உடன்பிறந்தவருக்குத் தீவிர மனநோய்: நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் ஒரு பிள்ளைக்கு மனநோய் வந்தால் ஆரம்ப வருசங்களில் அம்மா மாத்திரை கொடுப்பாள், அப்பா பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவார். மற்ற பிள்ளைகள் படிப்பு, வேலை, கல்யாணம் என்று அவரவர் வழியில் போய்விடுவார்கள். அப்பா அம்மாவுக்கு வயதாகி ஒருவர் படுத்ததும் மொத்த வேலையும் கூடப்பிறந்தவர்கள் தலையில் இறங்கும். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், கடைசி ஊசி எப்போது போட்டது என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த நாள் வருவதற்கு முன்பே வேலையைக் கற்றுக்கொள்ள நினைக்கும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறோம். பாளையங்கோட்டையில் ஒரே வீட்டில் இருந்தாலும் சரி, திருப்பூரிலோ துபாயிலோ இருந்து போனில் விசாரிப்பவரானாலும் சரி, செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான்.

இங்கே பேசுவது இரண்டு நோய்களைப் பற்றி. முதலாவது மனச்சிதைவு நோய். காதில் குரல் கேட்கும், எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று தோன்றும். இன்னொரு பக்கம் குளிக்கத் தோன்றாது, பேசத் தோன்றாது, முகத்தில் உணர்ச்சியே இருக்காது. இரண்டாவது இருதுருவ நோய். சில வாரம் தூக்கமே இல்லாமல் துள்ளலும் செலவும் பெரிய பெரிய திட்டங்களுமாக ஓடும். வேறு சில மாதம் எழுந்திருக்கவே முடியாத சோர்வில் கிடக்கும். இரண்டுமே அதிகமாகத் தலைகாட்டுவது பதினெட்டு வயதிலிருந்து முப்பதுக்குள். வளர்த்த விதம், காதல் தோல்வி, பரீட்சை தோல்வி என்று ஊர் சொல்லும் எதுவும் மூலகாரணம் அல்ல. மூளையின் வேலையில் வரும் கோளாறு இது. மரபும் சூழலும் சேர்ந்து இதைக் கிளப்புகின்றன. கஞ்சா பழக்கம் இருந்தால் முன்கூட்டியே கிளம்பும், கடுமையாகவும் இருக்கும்.

முதல் படி: ஒரு நோட்டு போடுங்கள்

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் "ஒரு மாதிரியா இருக்கான் சார்" என்பதுதான். அதை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், சாப்பிட்டாரா, கடைசியாக எப்போது குளித்தார், தனக்குத்தானே பேசுகிறாரா, யார் மேல் சந்தேகம், எவ்வளவு பணம் எதற்குச் செலவழித்தார். பேசியதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "சந்தேகப்படுகிறான்" என்று எழுதுவதைவிட "எதிர்வீட்டு டிஷ் ஆண்டெனா வழியா என் நெனப்ப எடுக்காங்க என்றான்" என்று எழுதியிருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

முதல் பக்கத்தில், குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோயோ தற்கொலையோ உண்டா என்பதையும், அவருக்கு வலிப்பு, தைராய்டு, தலையில் அடிபட்டது, பீடி, சாராயம், கஞ்சா, ஒவ்வாத மருந்து உண்டா என்பதையும் எழுதுங்கள். தாத்தாவின் தம்பி "சாமியாராகப் போனவர்" என்று வீட்டில் சொல்வார்கள். அதையும் எழுதுங்கள்.

இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழப்பம் வந்து, காய்ச்சலும் சேர்ந்து, நாள், இடம், ஆள் எதுவும் தெரியாமல் உளறினால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். நோட்டு எழுத நேரமில்லை. அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் படி: முதல் தடவை ஆஸ்பத்திரிக்கு

ஐகிரவுண்ட் எனப்படும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. காலையில்தான், சீட்டு போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்தும் வாங்கி முடிய அரை நாள் ஆகும். தூரத்து ஊர்க்காரர்கள் ஒவ்வொரு மாதமும் பாளையங்கோட்டைக்கு வர வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாள்களில் வட்டார அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வந்து பார்க்கிறது. எந்தக் கிழமை என்று உங்கள் அரசு ஆஸ்பத்திரியில் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஆதார், பழைய சீட்டுகள், தின்று முடித்த மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல, நான் ஏன் வரணும்?" என்பார். தனக்கு நோய் என்று உணர முடியாமல் போவதும் இந்த நோயின் ஒரு பகுதிதான், பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "ஒனக்குப் பைத்தியம்" என்று தொடங்கினால் அதோடு முடிந்தது. அவரே தொல்லையாக உணரும் ஒன்றைப் பிடியுங்கள்: "ராத்திரி தூக்கமே இல்லாம கெடக்கியே தம்பி, அதுக்கு ஒரு வழி கேப்போம், வா." கல்யாண வீட்டுக்குப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டிப்போனால் அடுத்த தடவை ஆட்டோவிலேயே ஏறமாட்டார்.

போகவே மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு நீங்கள் பேசலாம். 2022-லிருந்து இயங்குகிறது, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. என்ன சொல்லி அழைத்து வருவது என்று வீட்டுக்காரர்களும் கேட்கலாம்.

டாக்டர் நோயாளியின் ரகசியத்தைக் காக்கக் கடமைப்பட்டவர். அதனால் சில விவரங்களை உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்வதைக் கேட்க அவருக்குத் தடை எதுவும் இல்லை. உள்ளே பேச வாய்ப்பில்லை என்றால் நோட்டின் ஒரு பக்கத்தைக் கிழித்து நர்சிடம் கொடுத்தனுப்புங்கள்.

மூன்றாம் படி: மாத்திரை

நோய் திரும்புவதில் பாதிக்கு மேல் இங்கேதான் நடக்கிறது. அதனால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

மனச்சிதைவுக்கான மாத்திரை (ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், ஹாலோபெரிடால் போன்றவை) முதல் வாரம் தூக்கத்தையும் அமைதியையும் தரும். குரல்களும் சந்தேகமும் குறைய சரியான அளவில் நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். பத்தாம் நாள் "இந்த மருந்து கேக்கல" என்று டாக்டரை மாற்றும் குடும்பம் எந்த மருந்துக்கும் முழு வாய்ப்பு கொடுக்காமலே நாலு டாக்டரைப் பார்த்துவிடும்.

முதல் சில நாள்களில், குறிப்பாக ஊசி போட்ட பிறகு, கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, கண் மேலே செருகி, தாடை இறுகுவது உண்டு. பார்த்தவர்கள் பேய் பிடித்தது என்று பயந்து திருநீறு போட ஓடுவார்கள். இது மருந்தால் வரும் தசைப்பிடிப்பு. ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போட்டால் சிறிது நேரத்தில் சரியாகிவிடும். இது வந்ததைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். உட்கார முடியாமல் நடந்துகொண்டே இருப்பது, கை நடுக்கம், வாயில் எச்சில் வடிவது எல்லாம் அளவைக் குறைத்தோ மாற்றியோ சரிசெய்யக்கூடியவை. பக்கவிளைவைச் சொல்லாமல் சகித்து, பிறகு ஒரு நாள் மொத்தமாக நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. கடும் காய்ச்சல், பலகை போல் விறைத்த உடல், குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அரிது, ஆனால் உயிரை எடுக்கக்கூடியது.

எடை கூடும், சர்க்கரை ஏறும். மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்து எழுதிவையுங்கள். மூன்று மாதத்தில் மறுபடி, பிறகு வருசம் ஒருமுறை. மூன்று வேளைச் சோற்றை இரண்டாக்கி, மாலையில் அரைமணி நேரம் அவரோடு நடந்து போங்கள்.

இருதுருவ நோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது: ரத்தத்தில் அதன் அளவு வழக்கமாக 0.6 முதல் 1.0-க்குள் (சோதனைச் சீட்டில் mEq/L அல்லது mmol/L என்று இருக்கும்) இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் விஷம். சோதனைக்கு ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. இரவு எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்கு. கத்திரி வெயிலில் வேர்த்து நீர் குறைந்தாலும், வாந்தி பேதி வந்தாலும் அளவு ஏறிவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோபெனாக், ஐபுபுரூபனும் ஏற்றிவிடும். வலி, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். உப்பைத் திடீரென்று குறைக்கவோ தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் இருக்கவோ கூடாது. கை பலமாக நடுங்கி, நாக்கு குழறி, நடை தள்ளாடினால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

குளோசபின் என்பது மனச்சிதைவுக்கு இரண்டு மருந்துகளை முழு அளவில், வேண்டிய வாரங்கள் முழுக்கக் கொடுத்தும் கேட்காதவர்களுக்கான மருந்து. பலரை நன்றாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. முதல் 18 வாரம் வாரந்தோறும் வெள்ளணுச் சோதனை கட்டாயம். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலைச் சாதாரணமாக விடக் கூடாது. குடலடைப்பில் போய் நிற்கும். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் மறுபடி கொடுக்கவே கூடாது. டாக்டர் மிகக் குறைந்த அளவிலிருந்து திரும்ப ஏற்றுவார்.

நம் பக்கத்தில் பீடியைச் சொல்லாமல் விட முடியாது. புகை, குளோசபினையும் ஒலன்சபினையும் உடலில் சீக்கிரம் கரைத்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பிடித்தவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பீடியை விட்டால் அதே மாத்திரை அவருக்கு அளவுமீறிப் போய்விடும். வீட்டுக்கு வந்து மறுபடி பிடித்தால் அதே மாத்திரை போதாது. எத்தனை பீடி என்பதை டாக்டரிடம் சொல்வது மாத்திரை அளவைச் சொல்வதைப் போலவே முக்கியம்.

இளம்பெண்களுக்கு இருதுருவ நோய்க்காக வால்புரோயேட் மாத்திரை கொடுத்திருந்தால் வேறு மருந்து உண்டா என்று கேளுங்கள், கருவைப் பாதிக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கொடுக்கும் முறை: ஏழு நாள் டப்பாவில் ஞாயிற்றுக்கிழமை நிரப்புங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வேளையாக முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விழுங்கியபின் பத்து நிமிசம் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லி அவமானப்படுத்துவதைவிட அது மேல். தினம் சண்டையானால் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைப் பற்றிக் கேளுங்கள். சோற்றில், காப்பியில் ரகசியமாகக் கலந்து கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது; செய்யாதீர்கள். "சோத்துல மருந்து கலக்காங்க" என்ற அவர் சந்தேகம் அன்றைக்கு உண்மையாகிவிடும். பிறகு உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டார்.

எத்தனை நாள்? முதல் தடவை என்றால் குணமானபின்னும் குறைந்தது ஒன்றிரண்டு வருசம். திரும்பத் திரும்ப வந்திருந்தால் பல வருசம், சிலருக்கு வாழ்நாள் முழுக்க. நன்றாக இருக்கிறார் என்பதே நிறுத்தக் காரணமாகத் தோன்றும். மருந்தால்தான் நன்றாக இருக்கிறார்.

நான்காம் படி: பேசும் விதம்

"தண்ணில என்னமோ கலந்திருக்காங்க" என்று அக்கா சொன்னால் வாதாடி ஜெயிக்க முடியாது. ஆமாம் போடவும் கூடாது. "ஒனக்கு அப்படித் தோணுதுன்னா பயமாத்தான் இருக்கும்க்கா. எனக்கு அப்படித் தெரியல. நீயே கொடத்துல மோந்து குடி." இதில் மூன்று வேலை நடக்கிறது: பயத்தை ஒப்புக்கொள்வது, உங்கள் நிலையை ஒருமுறை மட்டும் சொல்வது, அந்த நேரத்துக்கு அவரே செய்யக்கூடிய ஒன்றைக் கையில் கொடுப்பது.

ஒரு நேரத்தில் ஒரு சொல், ஒரு வேலை. "எந்திரி, குளி, துணி மாத்து, சாப்பிடு, இப்படியே கெடந்தா என்ன ஆகும்" என்பதில் நான்கு கட்டளையும் ஒரு குத்தலும் இருக்கின்றன, எதுவும் நடக்காது. "வெந்நி வச்சிருக்கேன், வா" போதும்.

வீட்டில் ஓயாத குறை, கோபம், அளவுமீறிய கவலை மூன்றும் இருந்தால் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பது பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விசயம். இப்படிப்பட்ட வீட்டில் வாரம் 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆகவே அவர் தினம் சில மணி நேரம் வெளியே போய்வருவது இரண்டு தரப்புக்கும் மருந்து. நூலகம், டீக்கடை, வயல், பீடி சுற்றும் திண்ணை எதுவானாலும் சரி. வேலைக்குத் திரும்பும்போது முதல் மாதம் ஒரு மணி நேர வேலை, பிறகு இரண்டு.

ஐந்தாம் படி: திரும்பி வருவதற்கான அறிகுறிகள்

ஒவ்வொருவருக்கும் முன்னறிகுறி வேறு. ஆனால் அதே ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதேதான் வரும். போன தடவை நோய் முற்றுவதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரத்தை நினைத்துப் பார்த்து நாலு அறிகுறி எழுதுங்கள்: மூன்று மணிக்கு எழுவது, பழைய நண்பர்களுக்கு நடுராத்திரியில் போன், கறுப்புச் சட்டையை மட்டும் போடுவது, டிவியை நிறுத்திவிடுவது. அவர் நன்றாக இருக்கும்போது அவரிடமே காட்டி, "இது ரெண்டு வந்தா டாக்டர்ட்ட போவோம், சரியா?" என்று ஒப்புதல் வாங்குங்கள்.

கோயில் கொடைத் திருவிழாக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். விடிய விடிய மேளம், வில்லுப்பாட்டு, மைக்செட், வந்துபோகும் சொந்தங்கள். தூக்கம் கெடுவதே இருதுருவ நோயாளியை உச்சத்துக்குத் தள்ளப் போதும். கோயிலடியில் வீடு என்றால் அந்த ராத்திரிகளில் அவர் வேறு ஊர்ச் சொந்தக்காரர் வீட்டில் தூங்கட்டும்; பகலில் வந்து சாமி கும்பிட்டுப் போகலாம். இரண்டு ராத்திரி தூக்கம் போனால் மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் பேசுங்கள். துள்ளல் தொடங்கும் முன்பே ஏடிஎம் கார்டு, பைக் சாவி, நிலப்பத்திரம் எல்லாம் யாரிடம் இருக்கும் என்று அவரோடு பேசி முடிவு செய்துவையுங்கள்.

கொடையில் சாமியாடுவது வேறு, நோய் வேறு. மேளம் நின்று திருநீறு பூசியதும் இறங்கி, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போகிறவருக்கு மருந்து தேவையில்லை.

நெருக்கடி வந்தால்

கத்தி, அரிவாள், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து எதுவும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம். பூச்சிமருந்தை வீட்டில் வைக்கவே வேண்டாம். மாதத்து மாத்திரை முழுவதும் ஒரே இடத்தில் பூட்டாமல் கிடக்கவும் வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினால் நேராகக் கேளுங்கள்: "செத்துரலாம்னு தோணுதா?" கேட்பதால் எண்ணம் வராது. ஆமாம் என்றால் ஆள் மாற்றி ஆள் கூடவே இருந்து, அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள்.

ஆவேசமாக இருப்பவரிடம் ஒரே ஒருவர் பேசுங்கள், தாழ்ந்த குரலில். வாசலை மறித்து நிற்காதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். 108-ஐக் கூப்பிடும்போது மனநலப் பிரச்சினை என்றும் ஆயுதம் இருக்கிறதா இல்லையா என்றும் சொல்லுங்கள்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் துணை. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தெருவில் அலைபவரையோ ஆபத்தில் இருப்பவரையோ போலீஸ் காவலில் எடுத்தால் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். அவசரத்தில் எந்தப் பதிவு பெற்ற டாக்டரும் 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். நோயாளி சம்மதிக்காத நிலையில் சேர்க்க, அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மனநலப் பணியாளரோ டாக்டரோ தனித்தனியாகப் பார்த்து ஒத்துக்கொண்டால் 30 நாள் வரை வைத்திருக்கலாம்.

அந்த நியமனப் பிரதிநிதி நீங்களாக இருக்கலாம். நலமாக இருக்கும் நாளில் அவர் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். இதோடு நோயின் விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையும் உங்களுக்கு வருகிறது.

சங்கிலி போடுவது எந்த வடிவத்திலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகிப்போனார்கள். வீட்டுத் தூணில் கட்டிய சங்கிலியும் அதே சங்கிலிதான்.

கோயில், தர்கா, மாதா கோயில்

குணசீலமோ ஏர்வாடியோ புளியம்பட்டியோ, அம்மா போக வேண்டும் என்றால் தடுத்துச் சண்டை போடாதீர்கள். நம்பிக்கை அவளைத் தாங்குகிறது, அவள்தான் வீட்டைத் தாங்குகிறாள். நிபந்தனைகளை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: மாத்திரை ஒரு வேளையும் நிற்கக் கூடாது, கட்டுவதோ அடிப்பதோ பட்டினியோ கிடையாது, கூடவே வீட்டு ஆள் தங்க வேண்டும், திரும்பும் தேதி போகும்போதே முடிவாக வேண்டும். செய்வினை எடுக்கப் பத்தாயிரம், இருபதாயிரம் என்று கேட்பவரிடம் போகும் பணம் ஆறு மாத ரத்தச் சோதனைக்கான பணம்.

உங்கள் பங்கு எதுவரை

"எனக்கும் வருமா?" என்று கூடப்பிறந்தவர்கள் வாய்விட்டுக் கேட்பதில்லை. மனச்சிதைவு பொதுவாக நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. உடன்பிறந்தவர்களில் நூற்றுக்குப் பத்துக்குள். அதாவது தொண்ணூறு பேருக்கு மேல் வருவதில்லை. முப்பது வயதைத் தாண்டிவிட்டால் வாய்ப்பு இன்னும் குறைவு. கஞ்சாவைத் தொடாதீர்கள்.

வேலையைப் பிரியுங்கள். ஊரில் இருப்பவர் மாத்திரையும் ஓ.பி.யும், வெளியூர்க்காரர் பணமும் தினசரி போனும், மூன்றாமவர் கோப்பும் சான்றிதழும். வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்பியதோடு முடிந்தது என்று நினைக்காமல், வருசத்தில் இரண்டு வாரம் வந்து ஊர்க்காரரை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். மைனியிடமும் அத்தானிடமும் நோயின் பெயரைச் சொல்லி, எதை எதிர்பார்க்கிறீர்கள், எதை எதிர்பார்க்கவில்லை என்று தெளிவாகப் பேசுங்கள்.

"ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சா எல்லாம் சரியாயிரும்" என்று பெரியவர்கள் சொன்னால், கூடப்பிறந்தவராக நீங்கள்தான் எதிர்த்து நிற்க வேண்டும். நோயை மறைத்துச் செய்த கல்யாணம் கோர்ட்டில் ரத்தாகலாம்; அதற்குள் இரண்டு பேர் வாழ்க்கை கெட்டிருக்கும். நலமாகி, வேலை பார்த்து, நோயைச் சொல்லிச் செய்துகொள்ளும் கல்யாணம் வேறு விசயம்.

காகிதங்களும் கைமாற்றமும்

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மனநோயும் தகுதி. சுயபராமரிப்பு, பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை, நோயின் காலம் இவற்றை வைத்து மதிப்பிடுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் வந்தால் சலுகைகளுக்கு வழி உண்டு. அன்றைக்கு மட்டும் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டுக் கூட்டிப்போய், "நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிக் குறைந்த சதவீதத்தோடு திரும்பும் குடும்பங்கள் நிறைய. மோசமான நாளின் நிலவரத்தை நோட்டோடு சொல்லுங்கள். தென்காசி 2019-ல் தனி மாவட்டமானதால் அந்தப் பக்கத்தவர்களுக்கு மாவட்ட அலுவலகம் தென்காசியில்தான். திருநெல்வேலிக்காரர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். வேலை நகராவிட்டால் திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள்.

அப்பாவோ அம்மாவோ அரசுப் பென்ஷன் வாங்கினால், சம்பாதிக்க முடியாத மனநோயாளிப் பிள்ளைக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. பென்ஷன்காரர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பிள்ளையின் பெயரைச் சான்றிதழோடு ஆவணத்தில் ஏற்றிவிட வேண்டும். பிறகு ஏற்றுவது மிகவும் சிரமம். வீட்டை அவர் பெயரில் நேரடியாக எழுதிவைத்தால் யாராவது கையெழுத்து வாங்கிவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. வாழும் உரிமை அவருக்கு, விற்கும் உரிமை தனியாக யாருக்கும் இல்லை என்பது போன்ற ஏற்பாட்டை வக்கீலிடம் கேட்டு உயிலில் எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக, கைமாற்றம். அம்மா நன்றாக இருக்கும்போதே ஒரு மாதம் முழுக்க மாத்திரையை நீங்கள் கொடுத்துப் பாருங்கள். தொடர்ந்து மூன்று ஓ.பி.க்கு நீங்களும் போய் டாக்டருக்கும் நர்சுக்கும் முகம் தெரியும்படி இருங்கள். எந்தப் பாட்டைப் போட்டால் சாப்பிட வருவார், எந்தச் சட்டையைத் தொட்டால் கோபம் வரும், பயந்தால் எந்த மூலையில் போய் உட்காருவார் என்று அம்மாவுக்கு மட்டும் தெரிந்தவை நிறைய இருக்கும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு, அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.